டெல்டா வாசலுக்கு நிழல் மரம்: ஐப்பசியை நினைத்து நடுவது

சித்திரை, வைகாசி வெயில் மண்டையைப் பிளக்கும்போதுதான், வாசலில் ஒரு மரம் இருந்தால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. நர்சரிக்குப் போய், எது சீக்கிரம் வளரும், எது அடர்த்தியாக நிழல் தரும் என்று கேட்டுக் கன்றை வாங்கி வந்துவிடுகிறோம். காவிரி டெல்டாவில் இந்த இரண்டு கேள்விகள் போதா என்பது என் கருத்து. ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் இங்கே ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. புயல் வருவதும் அப்போதுதான். ஆகவே, ஊறிக் குழைந்த களிமண்ணில் காற்றைத் தாங்கி நிற்கும் மரம் எது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில், அதாவது ஐப்பசியின் கடைசியில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. தென்னைக்கு வளர்நுனி ஒன்றே ஒன்று என்பதால், குருத்து முறிந்தவை நின்றிருந்தும் பிழைக்கவில்லை. அதே ஊர்களில் பனைகள் பெரும்பாலும் அப்படியே நின்றன. தெருவோரத்துத் தூங்குமூஞ்சியும் மயிற்கொன்றையும் அழகில் குறைந்தவை அல்ல. ஆனால் அவற்றின் வேர் மேலாக ஓடுவது, கிளை எளிதில் முறிவது. வீட்டுச் சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் எட்டத்தில் வைக்க இடம் இருப்பவர்கள் மட்டுமே அவற்றை நினைக்கலாம்.

எந்த மரம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் பெரும்பாலும் புங்கனைத்தான் சொல்கிறேன். தண்ணீர் தேங்கினாலும், கோடையில் காய்ந்தாலும், மண்ணில் சற்று உப்பு ஏறியிருந்தாலும் அது தாங்கும். மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு, வெயில் உச்சத்துக்குப் போவதற்குள் புதுத் தளிரோடு குடை விரித்துவிடும். இடம் குறைவாக இருந்தால் மகிழ மரம் நல்லது. வளர நாளாகும், ஆனால் ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும். கடற்கரைப் பக்கத்து மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் புன்னை பொருந்தும். ஆற்றுப் படுகையிலோ குளக்கரையிலோ இடம் வைத்திருப்பவர்கள் நீர்மருதை வைக்கலாம். மருதம்தான் திருவிடைமருதூரின் தலமரம், ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது. ஆனால் அது பேருருவம் எடுக்கும் மரம், மூன்று சென்ட் மனையில் வைக்கக்கூடாது. வேம்பு எல்லோருக்கும் பிடித்ததுதான். தண்ணீர் நிற்கும் தாழ்வான களிமண்ணில் மட்டும் அது சுணங்கிப்போகும், மேடான திடலில் வைத்தால் செழிக்கும். சரக்கொன்றைக்கும் இதுவே பொருந்தும்.

பூவரசு பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் அதைப் போத்தாக, அதாவது கிளையை வெட்டி நடுவதுதான் வழக்கம். வேலிக்கு அது சரி. போத்திலிருந்து வந்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது என்பதால், நிழலுக்காகப் பெரிதாக வளர்க்க நினைப்பவர்கள் விதையிலிருந்து வந்த கன்றையே தேட வேண்டும்.

புதிதாக மனை போடும் இடங்களில் எல்லாம் கோனோகார்பஸ் வரிசையைப் பார்க்கிறேன். சீக்கிரம் வளர்ந்து பச்சைச் சுவர் போல நிற்பதுதான் அதன் கவர்ச்சி. வெளிநாட்டு மரம் என்பதற்காக நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, தூங்குமூஞ்சியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். மகரந்தத்தால் வரும் ஒவ்வாமையும் குழாய்களைத் தேடிப் போகும் வேரும் கோனோகார்பஸ்மேல் சொல்லப்படும் குறைகள். குஜராத் அரசு 2023இல் அதை நடுவதற்குத் தடை விதித்தது. புங்கன் இருக்கும் ஊரில் அதற்கு என்ன தேவை என்பது எனக்கு விளங்கவில்லை.

நடும் முறையிலும் களிமண்ணுக்கென்று ஒரு நியாயம் உண்டு. ஆழமாகக் குழி வெட்டி, மணலும் எருவும் நிரப்பி நட்டால், சுற்றியுள்ள களி நீரை வெளியே விடாது. மழைக்காலத்தில் அந்தக் குழி தொட்டியாகிவிடும். கார்த்திகையில் அப்படி அழுகிய கன்றைப் பிடுங்கிப் பார்த்தால், அடிமண் சாம்பல் நீலமாக, சாக்கடை வாடையோடு இருக்கும், வேரின் தோல் விரலோடு வழன்று வரும். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் கன்று இருக்கும் பையின் உயரத்துக்கு மேல் வேண்டாம். தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு, தரைமட்டத்துக்குச் சற்று மேலே மேடு கட்டி நட வேண்டும். நர்சரிப் பையைக் கிழித்ததும் வேரைப் பார்ப்பது அவசியம். நாள்பட்ட கன்றில் வேர் பையின் அடியில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதை நறுக்கி விடாமல் நட்டால், ஆண்டுகள் போனாலும் வேர் அகலப் பரவாமல் சுற்றியபடியே தடிக்கும், ஒரு புயலில் மரம் அடியோடு பெயர்ந்துவிடும்.

மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் நிலத்தடி ஈரம் ஏறுகிறது. ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசி முதல் பாதிக்குள் நட்டுவிட்டால், பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். கம்பு நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். ஓராண்டில் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். காற்றில் சற்று ஆடினால்தான் தண்டு தடிக்கும்.

வளர்ந்த மரங்களுக்கு ஆவணியும் புரட்டாசியும்தான் கிளை கழிக்கும் கவாத்துக்காலம். மரம் வெட்ட வருபவர், "சார், மொட்டையடிச்சு விட்டுட்டா புயலுக்குப் பயமில்லை" என்பார். உண்மை அதற்கு நேர்மாறானது. மொட்டையடித்த கட்டையில் கொத்தாகக் கிளம்பும் புதுக்கிளைகள் பட்டைக்கு அடியில் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பவை. இரண்டு மூன்று ஆண்டுகளில் கனமாகி, அடுத்த புயலில் அவைதான் முதலில் பிய்ந்து விழும். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்ளே நெருக்கும் கிளை ஆகியவற்றை மட்டும் எடுத்து, காற்று ஊடே புகுந்து போக வழி செய்தால் போதும். பெரிய கிளையாக இருந்தால், தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்பக்கத்தில் பாதி அறுத்துவிட்டுப் பிறகு மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லையென்றால் கிளை விழும்போது பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சும் கட்டையை, கிளையின் அடியில் வீங்கியிருக்கும் கழுத்தைத் தொடாமல் அறுத்தெடுத்தால், காயத்தை மரமே மெல்ல மூடிக்கொள்ளும். சாணி பூசும் வேலை தேவையில்லை.

மழைக்காலத்தில் செய்வதற்கு அதிகமில்லை. தண்ணீர் தேங்காமல் வடிய வழி இருக்கிறதா என்று பார்ப்பதும், சாய்ந்த இளங்கன்றை ஓரிரு நாளில் நிமிர்த்திக் கட்டுவதும்தான். மழை ஓய்ந்தபின் வேப்பமரத்தின் நுனிகள் தீய்ந்தது போலக் கருகினால், செத்துவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள். பெரும்பாலான மரங்கள் பங்குனியில் மறுபடி துளிர்க்கின்றன.

மேட்டூர் அணையை ஜனவரி 28ஆம் தேதி மூடுவது வழக்கம். அறுவடை முடிந்து வைக்கோல் கிடைக்கும் அந்த நேரம்தான் மூடாக்குக்கு, அதாவது மரத்தடி மண்ணை மூடி வைப்பதற்கு ஏற்றது. இப்போது இயந்திரம் கட்டும் உருளைகள் லாரி ஏறிப் போவதற்குள் இரண்டு கட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் பரப்பவும். கொட்டிய இலையையும் கொளுத்தாமல் அதன்மேலேயே போடலாம். மாசிக்குப் பிறகு களி பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பில் ஊற்றும் தண்ணீர் வேருக்கு எட்டாமல் கீழே ஓடிவிடும். முதலில் மேல்மண்ணைக் கொத்தி வெடிப்பை மூடிவிட்டு, கிளைகளின் விளிம்புக்குக் கீழே வட்டப் பாத்தி கட்டி, வாரம் ஒரு முறை நன்றாக நிறைய ஊற்ற வேண்டும். தினமும் ஒரு குடம் தண்டடியில் ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். இரண்டு கோடையைத் தாண்டிய புங்கனுக்கும் மருதுக்கும் பிறகு தண்ணீர் ஊற்றத் தேவையிருக்காது. மகிழுக்கு மூன்றாவது கோடையிலும் ஊற்றுவது நல்லது.