கைக்குழந்தையோடு ஓர் உம்றா

மியன்மாரின் யாங்கோனில் சூலியா பள்ளிவாசலைச் சுற்றியுள்ள எங்கள் தமிழ்க் குடும்பங்களில், மக்காவுக்குப் போய்ச் செய்யும் உம்றா வணக்கத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால், இளம் தாய்மார் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளைகளை அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்?" நானும் கணவரும் மாமியும், நான்கு வயது மகனோடும் கைக்குழந்தையோடும் போய் வந்தோம். அல்ஹம்துலில்லாஹ், மனநிறைவாக முடிந்தது.

கஅபா இருக்கும் மக்காவின் பெரிய பள்ளிவாசலான ஹரம் ஷரீஃபிலேயே குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. நாம் உம்றா செய்யும் நேரத்துக்குப் பிள்ளையை அங்கே விடலாம். கொஞ்சம் வளர்ந்த, அரபியோ ஆங்கிலமோ நாலு வார்த்தை பேசுகிற பிள்ளைக்கு அது நல்ல வசதி. எங்கள் மகனுக்குத் தமிழும் பர்மியமும்தான் தெரியும். தாகம் என்றுகூட அவனால் சொல்ல முடியாத இடத்தில் விட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே முறை வைத்துக்கொண்டோம். விடியற்காலைத் தொழுகையான சுபுஹுக்குக் கணவரும் மாமியும் போவார்கள், நான் பிள்ளைகளோடு அறையில் தொழுவேன். நண்பகல் தொழுகையான லுஹருக்கு நான் போவேன், அவர் இருப்பார். இதற்கு ஹோட்டல் ஹரமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் அதில் பிடிக்காதீர்கள். கணவன் மனைவி மட்டும் கிளம்புவதானால் உம்மாவையோ ராத்தாவையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வயது தாண்டிய எல்லோருக்கும் மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசி கட்டாயம். போய்ச் சேர்வதற்கு 10 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும்.

பிள்ளைக்காக நாமே நிய்யத் (மன உறுதி) வைக்கிறோம், அவனுக்கும் இஹ்ராம், அதாவது உம்றாவுக்கான கட்டுப்பாட்டு நிலை, உண்டு. அப்படியானால் வாசனைப் பொருள் கூடாது. நம் ஊரில் குளித்ததும் பிள்ளை கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசாமல் எந்தத் தாய் விடுவாள்? அதிலும் மணம் இருக்கிறதே! இஹ்ராம் கட்டியபின் அதைத் தொடவில்லை. சோப்பும் ஈரத் துடைப்பானும் மணமில்லாதவையாக இங்கிருந்தே வாங்கிப் போனோம்.

கஅபாவைச் சுற்றி வரும் தவாஃபுக்கு, இரவுத் தொழுகையான இஷா முடிந்து கூட்டம் குறைந்த பிறகு இறங்கினோம். குழந்தைக்கு டயபர் மாற்றிச் சுத்தம் செய்து மார்போடு கட்டிக்கொண்டேன். மகன் அவர் தோளில். அவன் கையில் ஹோட்டல் பெயரும் எங்கள் நம்பரும் எழுதிய பட்டி. தள்ளுவண்டியைக் கஅபாவைச் சுற்றியுள்ள முற்றத்தில் விடுவதில்லை, மேல்தளத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மேலே சுற்று நீளம், ஆனால் நெரிசல் இல்லை. மூன்றாவது சுற்றில் குழந்தை வீறிட்டு அழுதது. எனக்குப் பதற்றமாகிவிட்டது. மாமி என் முதுகைத் தடவி, "ரசூலுல்லாஹ் தொழவைக்கும்போது பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால், தாய் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள்மா. நீ மெதுவா நட" என்றார். நபிகளாரைப் பற்றிய அந்த ஹதீஸை எத்தனையோ பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டிருக்கிறேன். அன்று அது எனக்கே சொன்னதுபோல இருந்தது.

ஸஃயிதான் என்னை உலுக்கிவிட்டது. ஸஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கு நடுவே 7 தடவை நடப்பது அது, மொத்தம் சுமார் 3 கிலோமீட்டர். இன்று பளிங்குத் தரை, குளிரூட்டிய காற்று, பக்கத்திலேயே ஸம்ஸம் தண்ணீர். அன்று இங்கே தண்ணீர் தேடி ஓடிய ஹாஜர் அம்மையாருக்கு வெறும் பாறையும் வெயிலும், தாகத்தில் துடிக்கும் குழந்தை இஸ்மாயீலும்தான். பச்சை விளக்குப் பகுதியில் ஆண்கள் மெல்ல ஓடுவார்கள், பெண்கள் நடந்தால் போதும். மகன் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். பாலுக்கு அழுத குழந்தையை அணைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். பிள்ளைக்காக ஒரு தாய் ஓடிய ஓட்டத்தை அல்லாஹ் எல்லோருக்கும் வணக்கமாக்கியிருக்கிறான். அங்கே நம் பிள்ளை அழுவதை இடைஞ்சல் என்று யார் சொல்ல முடியும்?

மதீனாவில் நபி பள்ளிவாசலுக்குள் இருக்கும் ரவ்ளா என்ற சிறப்பிடத்துக்குப் போக, சவுதி அரசின் நுசுக் செயலியில் நேரம் பதிய வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு நேரம் என்பதால் பிள்ளைகள் எங்களில் ஒருவரிடம் இருந்தார்கள்.

ஹஜ் வேறு கணக்கு. 2025-ல் நெரிசலை எண்ணிக் குழந்தைகளை உடன் அழைத்துவரவே சவுதி அரசு அனுமதிக்கவில்லை. எங்கள் ஹஜ்ஜுக்குப் பிள்ளைகளை மாமியிடம் விட்டுப்போவதாகத்தான் நிய்யத். அவரும் சம்மதம் சொல்லிவிட்டார்.