துபாயில் வேலை மாறிய மனைவியும் ஓஇசி சான்றிதழும்

என் மனைவி பிலிப்பைன்ஸின் இலோய்லோவைச் சேர்ந்தவர், துபாயில் செவிலியர். 2023 கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்புவதற்குள் அவரை அலைக்கழித்ததை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

வெளிநாட்டில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர் விடுமுறைக்கு ஊர் போனால், திரும்பி விமானம் ஏற ஓஇசி எனும் வெளிநாட்டு வேலைச் சான்றிதழ் வேண்டும். அதே முதலாளி, அதே இடம் என்றால் இணையத்திலேயே விலக்கு கிடைத்துவிடும். மனைவியோ மருத்துவமனை மாறியிருந்தார். புது ஒப்பந்தத்தை துபாயிலுள்ள பிலிப்பைன்ஸ் தொழிலாளர் அலுவலகம் சரிபார்த்தாக வேண்டும்.

புது மருத்துவமனையின் எச்.ஆர். பிரிவில்தான் மாட்டிக்கொண்டோம். "விசா மாறிவிட்டதே, அது போதும்" என்றார்கள். போதாது என்று விளக்கியதும் ஒரு நகலை நீட்டினார்கள். அதில் முத்திரை இல்லை. முத்திரை வாங்கினால், கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில். பயண நாள் நெருங்கியது. ஒரு நாள் இரவுப் பணி முடித்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் அவர்கள் வாசலிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். மதியத்துக்குள் கையெழுத்து வந்தது! அப்புறம் சரிபார்ப்பு, வெளிநாட்டுத் தொழிலாளர் நல அமைப்பான ஓவ்வாவின் உறுப்பினர் கட்டணம் 25 டாலர், சான்றிதழ் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். டிசம்பரில் ஊரே திரும்பி வந்திருக்கும், விடுமுறை வரிசையிலேயே போய்விடும். சான்றிதழ் 60 நாள்தான் செல்லும், ரொம்ப முன்னாலும் எடுக்க வேண்டாம். அதைக் காட்டினால் 1,620 பேசோ பயண வரி கிடையாது.

இலோய்லோவில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவர் வாங்கிய சம்பளம் வாடகைக்கும் தம்பியின் படிப்புக்கும் போதவில்லை. அதனால்தான் கிளம்பினார். 2023இல் மட்டும் இவரைப் போன்றவர்கள் வங்கி வழியாக நாட்டுக்கு அனுப்பியது சுமார் 3,350 கோடி டாலர். 'புதிய நாயகர்கள்' என்று அரசு புகழ்கிறது. 1974 தொழிலாளர் சட்டத்திலிருந்து ஆள் அனுப்ப இத்தனை ஏற்பாடு செய்த நாடு, ஒரு செவிலியர் ஊரிலேயே வாழும்படி சம்பளம் கொடுக்க வழி செய்யவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

இப்போது மைத்துனியும் சவூதிக்கு முயல்கிறாள். ஒரு ஏஜென்சி முன்பணம் கேட்டது. புலம்பெயர் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் தேடச் சொன்னார் என் மனைவி. உரிமம் இருந்தது, ஆனால் அவர்கள் சொன்ன வேலைக்கு ஆள் எடுக்க அந்தத் துறையின் அனுமதி பெற்ற ஆணை எதுவும் இல்லை. பணம் கட்டாமல் தப்பித்தாள்.