கருப்பட்டிக்கு ஒரு சுமைதாங்கி

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் ஓணானைக் கண்டால் பையன்கள் கல்லெடுப்பார்கள். ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அடிப்பார்கள். என் அண்ணன் ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடிப்பான். நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அப்படி வளர்ந்தவள்தான் இங்கே சிட்னியில் ஓர் ஓணானைப் பறிகொடுத்துவிட்டு மாதக்கணக்கில் தேற முடியாமல் இருந்தேன். வயிறு நிறைய முட்டையோடு போய்விட்டாள்.

அவள் பெயர் கருப்பட்டி. நிறம் அப்படி. சென்ட்ரல் பியர்டட் டிராகன் என்பார்கள், ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தைச் சேர்ந்த, தொண்டைத் தோல் தாடி மாதிரி இருக்கும் தாடி ஓணான். நம்மூர் வேலி ஓணானும் இதுவும் ஒரே குடும்பம்தான், அகாமிடே. நியூ சவுத் வேல்ஸில் இதை வீட்டில் வளர்க்க உரிமம் வாங்க வேண்டும். 2021-ல் மகள் கெஞ்சியதால் வாங்கினோம். மகள் பள்ளிக்குப் போய்விடுவாள், கணவர் வேலைக்குப் போய்விடுவார். வீட்டிலிருந்து வேலை பார்த்த எனக்குப் பகல் முழுக்கத் துணை கருப்பட்டிதான். மடிக்கணினியின் சூட்டுக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு ஒரு கண்ணால் என்னைப் பார்ப்பாள்.

ஆண் துணை இல்லாமலே பெண் முட்டையிடும் என்பது 2022-ல்தான் எங்களுக்குத் தெரிந்தது. கடைக் கோழிமுட்டை மாதிரி, குஞ்சு பொரிக்காத முட்டை. அந்த வருஷம் வசந்தத்தில் திடீரென்று தரையைப் பிறாண்ட ஆரம்பித்தாள். ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஈர மணலும் மண்ணும் கலந்து ஓரடி ஆழத்துக்கு நிரப்பி வைத்தோம். பள்ளம் தோண்டி உள்ளே போய், தலை மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்து பதினேழு முட்டை இட்டாள். அதற்கப்புறம் செய்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. முன்காலால் மண்ணை இழுத்து மூடி, மூக்கால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினாள், தரை மெழுகுகிற மாதிரி. மூக்கு நுனியெல்லாம் மண்ணோடு வெளியே வந்து, மகள் சொட்டுச் சொட்டாக விட்ட தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

அதனால் 2023 செப்டம்பரில் மறுபடி வயிறு பெருத்தபோது எங்களுக்குப் பயமே இல்லை. எடை 380 கிராமிலிருந்து 450-ஐத் தாண்டியது. தோலுக்கடியில் முட்டைகள் தனித்தனியாகத் தெரிந்தன, சுருக்குப்பையில் கோலிக்குண்டு போட்டு வைத்த மாதிரி. பெட்டியைத் தயார் செய்தோம். தோண்டினாள். பாதியில் விட்டாள். கண்ணாடி மூலையைப் பிறாண்டினாள், மறுபடி தோண்டினாள். நாலு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் தோண்டுவதை நிறுத்திவிட்டுக் கட்டையின் மேல் படுத்துவிட்டாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. களைத்துப் போய் ஓய்வெடுக்கிறாள், நாளைக்கு இட்டுவிடுவாள் என்று நினைத்தேன். இதை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. முட்டை இட்டிருந்தால் வயிறு ஒட்டித் தோல் தொங்கியிருக்க வேண்டும். வயிறு அப்படியே இருக்க, தோண்டுவது மட்டும் நின்றுபோனால் அது ஓய்வு இல்லை. தள்ளத் தெம்பில்லை என்று அர்த்தம். முட்டைக் கட்டு என்று இதைச் சொல்கிறார்கள். நான் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன்.

ஏழாம் நாள் காலையில் தாடி கன்னங்கரேலென்று இருந்தது. பின்கால்கள் லேசாக நடுங்கின. கையில் எடுத்தேன். எப்போதும் என் விரலைப் பற்றிக்கொள்கிறவள், பற்றவில்லை.

பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்கள். ஊர்வன பார்க்கும் மருத்துவர் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்தார். (இப்படி ஒன்று வளர்ப்பவர்கள் அந்த முகவரியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் கார் நிறுத்தத்தில் நின்று தேடிக்கொண்டிருந்தேன்.) எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். உள்ளே இருபதுக்கு மேல் முட்டைகள். அதில் ஒன்று மற்றதைவிட நீளம், இடுப்பெலும்புக்கு அருகில். கால்சியம் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. முட்டையைத் தள்ளும் தசை சுருங்க கால்சியம் வேண்டும், அது இல்லாமல் ஊசி போட்டு வலி வரவைத்தாலும் பலன் இருக்காது என்றார். இந்த நிலையில் உடனே மயக்கம் கொடுக்க முடியாது. இரவு முழுக்கச் சூட்டில் வைத்து, நீரும் கால்சியமும் ஏற்றி, காலை ஒன்பது மணிக்கு அறுவை சிகிச்சை. செலவு ஆயிரத்து எண்ணூறு டாலர் ஆகும் என்றார். கணவருக்குப் போனில் சொன்னேன். "செஞ்சிரலாம், நீ கையெழுத்துப் போடு" என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவரை நினைத்து நான் ரொம்பப் பெருமைப்பட்ட இடம் அது.

விடிகாலை 6.40-க்குப் போன் வந்தது. நள்ளிரவு தாண்டிக் கருப்பட்டியின் மூச்சு நின்றிருக்கிறது. ஆனால் ஊர்வனவற்றில் மூச்சு நின்ற பிறகும் இதயம் நெடுநேரம் துடிக்கும். டாப்ளர் கருவியில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால், முயற்சி செய்துகொண்டே காத்திருந்தார்களாம். சத்தம் முழுக்க நின்ற பிறகுதான் கூப்பிட்டார்கள். நான் தூங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவள் இருந்தாளா, இல்லையா? இந்தக் கேள்வி பல ராத்திரி என்னை எழுப்பியது. அந்த மருத்துவரிடமே பின்னால் கேட்டேன். துடித்தது இதயம் மட்டும்தான், அவளுக்கு எந்த உணர்வும் இருந்திருக்காது என்று பொறுமையாகச் சொன்னார். அதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

மகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பத்து வயது. அழுது முடித்துவிட்டு, "முட்டைய மட்டும் எடுக்கச் சொல்லலாமாம்மா? சூட்டுல வச்சா குட்டி வருமா?" என்று கேட்டாள். 29 டிகிரியில் இரண்டு மாதம், 32-ஐத் தாண்டினால் ஆணாக வேண்டியதும் பெண்ணாகப் பொரியும் என்றெல்லாம் அவள் படித்து வைத்திருந்தாள். வராதும்மா, அப்பா இல்லாத முட்டை, அதில் உயிரே கிடையாது என்று சொன்னேன். "அப்ப ஒண்ணுமே இல்லாததுக்கா அவ செத்தா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. கட்டிக்கொண்டேன்.

உடலை அறுத்துப் பார்த்தால் காரணம் உறுதியாகத் தெரியலாம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குள் வழக்கு நடக்கிறது. ஏனென்றால் வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, கூண்டில் புற ஊதாக் கதிர் தரும் யூ.வி.பி. குழல்விளக்கைக் கழற்றியதுதான். மாற்றிய தேதியை அதன் ஓரத்தில் என் கையாலேயே எழுதியிருந்தேன், 2022 ஜூலை. பதினாலு மாதம். விளக்கு எரியும், வெளிச்சம் குறையாது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். கதிர் இல்லையென்றால் வைட்டமின் டி இல்லை, அது இல்லாமல் கால்சியத் தூளை எவ்வளவு தூவினாலும் உடம்பில் சேராது. ஆறு மாதம், மிஞ்சிப் போனால் ஒரு வருஷத்தில் மாற்ற வேண்டும். எரிகிறதே என்று விட்டுவிட்டேன்.

மருத்துவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்த நீள முட்டை மட்டுமே போதும், விளக்கு புதிதாக இருந்தாலும் இது நடந்திருக்கலாம் என்றார். நல்ல மனசோடு சொன்னார். ஆனால் அதையே பிடித்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை. என் தப்பே இல்லை என்று சொல்கிறவர்களிடமும் பேசப் பிடிக்கவில்லை, சும்மா ஒரு ஓணான்தானே என்கிறவர்களிடமும் பிடிக்கவில்லை. தமிழ்ப் பள்ளியில் ஓர் அக்கா, "வேலியில போன ஓணானை மடியில விட்டுக்கிட்டு இப்ப குடையுதுன்னா எப்படி?" என்று கேட்டார். ஆறுதலாகத்தான் கேட்டார். எனக்கு அந்தப் பழமொழியே மாறிப்போய்விட்டது. மடியில் கிடந்தவள் இல்லாததுதான் குடைந்தது.

என்னிடம் சரியாகப் பேசியது என் அம்மாதான், நான் நினைத்தே பார்க்காத ஆள். ஓணான் வளர்க்கிறோம் என்றபோது ஒரு வாரம் போனே எடுக்காதவர். கருப்பட்டி போன அன்றைக்கே நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏட்டி, வயித்துல முட்டையோடயா போச்சு?" என்றார்.

"ஆமாம்மா."

"சொமையோட போனவளுக்குச் சொமதாங்கி வைக்கணும்ட்டி. வச்சிரு."

எங்கள் ஊரிலிருந்து எட்டயபுரம் போகும் பாதையில் ஒன்று உண்டு. இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு கல் பாவியிருக்கும். வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் அதன்மேல் இறக்கி வைத்துவிட்டு, அதே உயரத்திலிருந்து தூக்கிக்கொண்டு போகலாம். இறக்க முடியாத சுமையோடு போனவளுக்கு அதனால் ஆறுதல் என்பார்கள். சின்ன வயதில் அதன்மேல் ஏறிக் குதித்திருக்கிறேன். அது யாருக்காக வைத்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் பின்கட்டில், பாட்டில்பிரஷ் மரத்தடியில் குழி வெட்டினோம். இந்தப் பக்கம் நரி வரும் என்பதால் மூன்றடி ஆழம். மகளின் பழைய பாவாடைத் துணியில் சுற்றி வைத்தோம். வயிறு அப்போதும் கனமாக இருந்தது, என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. மண்ணைத் தள்ளி முடித்ததும் மகள் குனிந்து, விரல் நுனிகளால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினாள். யாரைப் பார்த்துச் செய்தாள் என்று எனக்குத் தெரிந்தது. ஏதோ வேலையில் மிச்சமாய்க் கிடந்த இரண்டு சிமென்ட் கல்லை நிமிர்த்தி நட்டு, மேலே ஒரு தளக்கல்லைப் பாவினார் அவர். முழங்கால் உயரம் வந்தது.

மற்றபடி நாட்கள் எப்படிப் போயின என்று வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. கூண்டின் டைமரை நிறுத்த மறந்துவிட்டோம். காலை ஏழு மணிக்கு விளக்கு தானாக எரியும், மாலை ஏழுக்கு அணையும், வெறும் கட்டையின் மேல். ஒன்பதாம் நாள்தான் பிளக்கைப் பிடுங்கினேன். அவளுக்குத் தீனியாக வாங்கிய சுவர்க்கோழிப் பூச்சிகள் துணி துவைக்கும் அறையில் ராத்திரியெல்லாம் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல் டப்பாவோடு ஓணான் வளர்க்கும் வேறொரு வீட்டில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்த ராத்திரி வீட்டின் அமைதியைத் தாங்க முடியவில்லை. உரிமத்துக்கான பதிவேட்டில் இறப்பு என்று குறித்துத் தேதி போட வேண்டும். அந்த ஒரு வரியை எழுத மூன்று வாரம் ஆனது எனக்கு. எழுதிய அன்றைக்கு முதல்முறையாக ராத்திரி நடுவில் விழிக்காமல் தூங்கினேன்.

குழல்விளக்கைத் தூக்கிப் போடவில்லை. பெண் ஓணான் வளர்க்கும் இரண்டு குடும்பங்கள் அப்புறம் என்னிடம் வந்து கேட்டார்கள். அவர்களுக்கு அந்தத் தேதியைக் காட்டினேன். ஆண் இல்லாவிட்டாலும் முட்டை வரும், வருகிற வரைக்கும் காத்திருக்காமல் மண்பெட்டியை இப்போதே வையுங்கள் என்றேன். தோண்டிவிட்டு வயிறு வற்றாமல் படுத்துவிட்டால் அன்றைக்கே ஓடுங்கள், வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள் என்றேன். அதைச் சொல்லும்போது குரல் உடையாமல் பேச ஒரு வருஷம் பிடித்தது.

துணி காயப்போடும் கம்பி அந்த மரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ரொம்ப நாள் அந்தக் கல்லைத் தொடாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஈரத் துணிக்கூடை கையை இழுத்தது. கல்லின் மேல் இறக்கி வைத்தேன். தரை வரைக்கும் குனியத் தேவையில்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் காயப்போட்டேன்.