ஒரு புள்ளி, ஒரு கேரட்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் மூன்று மாதமாகக் கேட்கிறார். விளையாட்டு விழா, கொடைக்கானல் சுற்றுலா எல்லாம் போன மலரிலேயே வந்துவிட்டன. எனக்கு மிஞ்சியது ஓவிய வகுப்புதான்.

வாரத்துக்கு ஒரு பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு சார் கடன் வாங்கிவிடுவார்; திருப்பித் தந்ததாக நினைவில்லை. தப்பிய நாட்களில் டிராயிங் சார் எங்களை மதுரை எழுகடல் தெருவுக்கு நடத்திப் போவார். கட்டி முடிக்காமல் நிற்கும் ராயகோபுரத்தின் ஓரமாக உட்காரவைத்து, "போற வர்ற ஆளுகளைப் போடுங்கடா" என்பார். நாங்கள் கண், மூக்கு, மீசை என்று ஆரம்பிப்பதற்குள் ஆள் கீழமாசி வீதியில் திரும்பியிருப்பார்.

"மூஞ்சியை விடுங்கடா. ஒரு புள்ளி வை, கீழே ஒரு கேரட் போடு. ஒரு காலைக் குட்டையாக்கு, தானா நடப்பான்."

நிஜமாகவே நடந்தார்கள். நீர்வண்ணத்தில் வெள்ளைப் பெயின்டைத் தொட்டால்தான் அடி விழும். "தாளே வெள்ளைதானடா, அதை விட்டுவைக்கத் தெரியாதா?" தாளை நனைத்துச் சாம்பல் நீலத்தை ஓடவிட்டால் கோபுரம் பனியில் கரையும். ஓரளவு காய்ந்தபின் அழுத்தி வைக்கும் பொட்டுதான் மனிதன். அந்த 'ஓரளவு' எங்களில் ஒருத்தனுக்குத்தான் பிடிபட்டது. இன்று அவன் முழுநேர ஓவியன். சிம்மக்கல்லில் இருக்கிறான். பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டான்.

போன வருஷம் வாட்ஸப்பில் ஒரு படம் போட்டான். விடிகாலைக் கீழமாசி வீதி, தெருவிளக்கின் மஞ்சள், தலையில் சும்மாடும் மூட்டையுமாக ஒருவர், பின்னால் பருத்திப்பால் வண்டி. முகமே கிடையாது. சிங்கப்பூர்க்காரன் அது பள்ளிக்கூட வாசலில் மாங்காய் விற்ற அண்ணாச்சி என்றான். இல்லை, வலது தோள் இறங்கியிருக்கிறது, நம் வாட்ச்மேன்தான் என்றான் துபாய்க்காரன். இரண்டு நாள் சண்டை. "எவனும் இல்லடா, சாரோட கேரட்டுதான்" என்று இவன் எழுதிய பிறகும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் இருக்கும் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் லௌரி என்று ஒரு ஓவியர் இருந்தார், 1976இல் காலமானார். 1952இல் ஓய்வு பெறும்வரை வாடகை வசூலிக்கும் வேலை. போன தெருக்களையே வரைந்தார். ஆலை வாசல்களில் தீக்குச்சி தீக்குச்சியாக மனிதர்கள். அவருக்கு ஐந்தே நிறம்: கறுப்பு, சிவப்பு, பிரஷ்ய நீலம், மஞ்சள் காவி, வெள்ளை. எண்ணெய் வண்ணம்தான், என்றாலும் வெள்ளையை அப்பியிருக்கிற அப்புக்கு எங்கள் சார் ஸ்கேலை எடுத்திருப்பார். அவர் பெயரிலேயே இங்கே இருக்கும் கூடத்தில் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். ஒருத்தரையும் எனக்கு அடையாளம் தெரிந்ததில்லை.

டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். நண்பன் காலை ஐந்தரைக்கே என்னைக் கிளப்பி அதே இடத்துக்கு அழைத்துப் போனான். புதுமண்டபத்துத் தையல்காரர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள், காய்கறிச் சந்தை மாட்டுத்தாவணிக்குப் போய் வருஷக்கணக்காகிறது. மூட்டை தூக்கும் ஆட்கள் மட்டும் இருந்தார்கள். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் போ. திரும்பிப் பார்க்காதே, முதுகுதான் வேணும்" என்றான்.

போய்த் திரும்பினேன். பென்சிலைக் காதில் செருகியபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, குளிருல போறவன் மாதிரி முன்னால சாஞ்சுக்கிட்டு? ஆள் மதுரைக்காரன் மாதிரியே இல்லை. இன்னொரு தடவை போ."

போனேன்.