தமிழ் என்றால் ஐந்து எழுத்து

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். அதற்கு 8 ஜிபி ரேமும் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) 256 ஜிபி எஸ்எஸ்டியும் (கோப்புகளைச் சேமிக்கும் வட்டு) உள்ள மடிக்கணினி தாராளம் என்றுதான் நினைத்திருந்தேன். போன ஆடியில் அது தள்ளாட ஆரம்பித்தது. காலையில் நன்றாக ஓடும். பதினொரு மணிக்கு மேல் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் விழும்வரை காத்திருக்க வேண்டும். அணைத்துப் போட்டால் மறுபடி இரண்டு மணி நேரம் சொன்ன பேச்சைக் கேட்கும்.

பழுதுபார்க்கும் கடைக்காரர், "ஃபார்மட் செய்துவிடலாம் மேடம், ரேமையும் 16 ஆக்கிவிடுங்கள்" என்றார். அன்று கையில் பணம் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

சி டிரைவில் சிவப்புக் கோடு. 238 ஜிபியில் மீதி இரண்டுகூட இல்லை. (256 என்று வாங்கியது 238 ஆகத் தெரிவதில் மோசடி இல்லை. விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது.) பழைய கல்யாண வீடியோக்களை அழித்து 6 ஜிபி மீட்டேன். நான்கே நாளில் அதுவும் நிரம்பிவிட்டது. நான் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அப்படியானால் வேறு ஏதோ சேர்க்கிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். 'மெமரி' என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் தின்பது மேலே வரும். பிரவுசர்தான் என்று பந்தயமே கட்டியிருப்பேன். மேலே நின்றதோ, என் கோப்புகளை இணையத்தில் நகலெடுத்து வைக்கும் காப்பு நிரல். பெயர் வேண்டாம். அரை மணிக்கு ஒரு முறை தாளில் குறித்தேன்: 900 எம்பி, 1,350, 1,800. சாப்பிட்டு வந்து பார்த்தால் 3,400. வாங்கியதைத் திருப்பித் தராமல் மேலும் மேலும் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. நினைவகம் நிறைந்தால் விண்டோஸ் ஒரு பகுதியை வட்டில் உள்ள பேஜ்ஃபைல் என்ற கோப்பில் இறக்கிவைக்கும். வட்டிலும் இடமில்லாவிட்டால் எங்கே இறக்குவது? பதினொரு மணித் தள்ளாட்டத்துக்குக் காரணம் புரிந்தது.

வட்டை நிரப்புவது எது என்பதை விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டர் என்ற கருவி காட்டிக்கொடுத்தது. எந்த நிரல் எந்தக் கோப்பில் எழுதுகிறது என்று அதன் 'டிஸ்க்' பக்கத்தில் முழுப் பாதையோடு தெரியும். அதே காப்பு நிரல்தான். ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் ஒரு லாக் கோப்பில், அதாவது தான் செய்வதையெல்லாம் குறித்துவைக்கும் நாட்குறிப்பில், எழுதித் தள்ளிக்கொண்டிருந்தது. அளவு 61 ஜிபி. படமில்லை, வீடியோ இல்லை, வெறும் எழுத்து! நான் இதுவரை திருத்திய நூல்கள் எல்லாம் சேர்ந்தாலும் அதில் ஒரு மூலைக்குக் காணாது.

அழிப்பதற்கு முன் படித்துவிட வேண்டும் என்று தோன்றியது, தொழில் புத்தி. நோட்பேட் அவ்வளவு பெரிய கோப்பைத் திறக்காது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பவர்ஷெல் என்ற விண்டோஸ் கருவியில் கெட்-கன்டென்ட் கட்டளையோடு 'டெயில் 20' என்று சேர்த்தால் கடைசி இருபது வரிகள் மட்டும் வரும். இருபதும் ஒரே வரி: பாதை மிக நீளம், மீண்டும் முயல்கிறேன். கூடவே என் கோப்பு ஒன்றின் பெயர்.

விண்டோஸில் ஒரு கோப்பின் முழுப் பாதை (அது இருக்கும் கோப்புறைகளின் பெயர்களும் அதன் பெயரும் சேர்ந்தது) 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய வரம்பு. 2016 முதல் அதைத் தளர்த்த வழி உண்டு, ஆனால் நிரலும் அதற்கு ஏற்ப எழுதப்பட்டிருக்க வேண்டும். 'இரண்டாம் திருத்தம் ஆசிரியர் பார்த்தது', அதற்குள் 'உண்மையான இறுதி' என்று கோப்புறைக்குள் கோப்புறை போடுவது என் வழக்கம். நான் சேமித்த இடத்தில் பாதை வரம்புக்குள்தான் இருந்தது. நிரல் அதைத் தன் கோப்புறைக்கு நகலெடுக்கும்போது முன்னால் தன் பாதையையும் ஒட்டிக்கொண்டது, எல்லை தாண்டிவிட்டது. தமிழில் பெயர் வைத்ததும் நீளத்தைக் கூட்டியது: 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. லாக்கில் எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். முயன்று தோற்ற கணக்கையெல்லாம் நினைவகத்திலும் அடுக்கிவைத்ததால்தான் ரேம் வீங்கியது என்பது என் ஊகம். இத்தனை பாடுபட்டும் அந்த ஒரு கோப்புக்குக் காப்பு நகலே இல்லை என்பதுதான் என்னை மிகவும் எரிச்சலூட்டியது.

தீர்த்தது பத்து நிமிட வேலை. டாஸ்க் மேனேஜரில் நிரலை நிறுத்தினேன். ஓடிக்கொண்டிருக்கும்போது லாக்கை அழிக்க விடாது. பிறகு ஷிஃப்டோடு டெலீட். கோப்பை 'மெய்ப்பு' என்ற ஒரே கோப்புறைக்குள் 'இறுதி' என்ற பெயரில் வைத்தேன். மறுதொடக்கத்துக்குப் பிறகு சி டிரைவில் 60 ஜிபிக்கு மேல் காலி. நிரல் ஒரு வாரமாக 200 எம்பியைத் தாண்டவில்லை. ரேம் வாங்கவில்லை.

நடந்ததை விளக்கி, அந்த இருபது வரிகளையும் ஒட்டி நிரல் நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பணிவாகப் பதில் வந்தது: லாக் கோப்பை முழுதாக இணைத்து அனுப்ப முடியுமா?