அடுப்பு எரிகிறது, வெப்பமானி நகரவில்லை

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போய்விட்டன. கண்டியில் வாங்கிய 110 பாகை வரை காட்டும் வெப்பமானி, கறிச்சாமான் நிறுக்கிற டிஜிட்டல் தராசு, ஒரு அலுமினியச் சட்டி, கேஸ் அடுப்பு, நேரம் பார்க்க கைபேசி. இவ்வளவுதான் சாமான். பனிக்கட்டியைத் தண்ணீராக்கி, தண்ணீரை ஆவியாக்கி, நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையை எழுத வேண்டும். பள்ளியில் சாதாரண தரத்தில் (O/L) படித்த வரைபடம் ஞாபகம் இருக்குமே, ஏறி, படுத்து, மறுபடி ஏறி, மறுபடி படுக்கும் கோடு, அதை என் கையால் போட்டுப் பார்க்க நீண்ட நாள் ஆசை.

முதல் முறை வீண். பெரிய கட்டிகளை அப்படியே போட்டேன், கலக்கவும் இல்லை. மேலே பனிக்கட்டி மிதக்கும்போதே வெப்பமானி 9 பாகை காட்டியது. பார்த்தால் அதன் குமிழ் சட்டியின் அடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

இரண்டாம் முறை 500 கிராம் கட்டியைத் துணியில் சுற்றி அம்மிக்குழவியால் உடைத்து, லேசாக ஈரம் கசியும் வரை விட்டு, வெப்பமானியை நூல் கட்டித் தொங்கவிட்டு, அகப்பையால் விடாமல் கலக்கினேன். தீயை மிகச் சின்னதாக வைத்தபின் திருகைத் தொடவே இல்லை. 0, 0, 1, 0, 0, 0. ஆறு நிமிடம்! கீழே நெருப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் வெப்பமானிக்கு அது தெரியவே இல்லை. கடைசித் துண்டு கரைந்த அடுத்த நிமிடம் 11 பாகை. நிஜமாகவே கை தட்டினேன்.

கட்டி கரைந்த எட்டாவது நிமிடத்தில் 94. அங்கே மறுபடி நின்றுவிட்டது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, 100 வரவில்லை. வெப்பமானிதான் பிழையோ என்று நினைத்தேன், பிறகுதான் உறைத்தது: நாங்கள் இருக்கும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். மேலே காற்றழுத்தம் குறைவு, ஆவி வெளியேற அவ்வளவு சூடு தேவையில்லை. சுமார் 300 மீற்றருக்கு 1 பாகை என்று கொதிநிலை இறங்கும். உறுதிப்படுத்த அதே வெப்பமானியை அடுத்த வாரம் எங்களைவிடத் தாழ்வான ஹட்டனில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். 96. சரி, வெப்பமானியில் குற்றமில்லை. அம்மா பருப்பு வேகவில்லை என்று தீயைக் கூட்டுவதும் இதே கதைதான். எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் 94-லேயே நிற்கும், சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான். பிரஷர் குக்கர் உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையையே தூக்கிவிடுவதால்தான் அதில் சட்டென்று வேகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கணக்குப் பகுதி. ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை ஏற்ற ஒரு கலோரி என்றால், 500 கிராம் தண்ணீரை 0-விலிருந்து 94-க்கு ஏற்ற 47,000 கலோரி வேண்டும். எட்டு நிமிடம் ஆனதால் என் அடுப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,900 கலோரி கொடுத்திருக்கிறது. உருகிய ஆறு நிமிடத்தை இதால் பெருக்கி 500-ஆல் வகுத்தால் கிராமுக்கு 70 கலோரி. புத்தகத்தில் 80. அடுப்பில் வைக்கும்போதே கொஞ்சம் உருகியிருந்ததே, அந்தக் குறைவு அங்கிருந்து வந்திருக்கும். கொதிக்கத் தொடங்கிய பின் பத்து நிமிடம் விட்டு நிறுத்தேன், 105 கிராம் குறைந்திருந்தது. கிராமுக்கு 560 கலோரி. புத்தகத்தில் 540! ஒரு சமையலறைத் தராசை வைத்து இவ்வளவு கிட்டப் போனதை இன்னும் நம்ப முடியவில்லை. அந்தச் சூடு எங்கேயும் தொலையவில்லை. துகள்களைப் பிடித்துவைத்திருந்த கவர்ச்சியை மீறி அவற்றைப் பிரிக்கவே முழுதும் போயிருக்கிறது, அதனால்தான் வெப்பநிலை ஏறவில்லை. மறைவெப்பம் என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்.

1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தபோது அடுப்புகூடப் பயன்படுத்தவில்லை. ஒரு குடுவையில் பனிக்கட்டி, இன்னொன்றில் அதே அளவு குளிர்ந்த தண்ணீர், இரண்டையும் ஒரே அறையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். தண்ணீர் அரை மணியில் அடைந்த வெப்பநிலைக்குப் பனிக்கட்டி வந்துசேர பத்தரை மணி நேரம்.

மெழுகையும் உருக்கி ஆறவிட்டுப் பார்த்தேன். பல சேர்மங்களின் கலவை என்பதால் கோடு சரியாகப் படுக்கவில்லை, சரிந்துகொண்டே போனது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது அவர் தன் பீட்ரூட் பாத்தியைத்தான் பேசினார். தை மாதம் வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி விழும், விடியுமுன்னமே எழும்பித் தண்ணீர் தெளிப்பார். "ஐஸ் மேல பச்சத்தண்ணி ஊத்தினா எப்பிடிப்பா காப்பாத்தும்னு சின்னதில நீ கேட்டியே?" என்றார். அன்று அவரும் பதில் சொல்லவில்லை. இப்போது என் நோட்டில் இருக்கிறது: தெளித்த தண்ணீர் உறையும்போது கிராமுக்கு அதே 80 கலோரியைத் திருப்பிக் கொடுக்கிறது, இலையிலேயே. வருகிற தையில் வெப்பமானியை இலையோடு கட்டிவிட்டு, தெளித்த பாத்தி ஒன்று, தெளிக்காதது ஒன்று என்று விடிய விடிய எழுதப் போகிறேன். அப்பா டோர்ச் பிடிக்கிறேன் என்றிருக்கிறார்.