மூளையின் பருமனும் மறதி கிளினிக்கும்

ஆணின் மூளை சராசரியாகப் பெண்ணின் மூளையைவிடப் பத்தில் ஒரு பங்கு பெரியது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் அடுத்த வரிக்குப் போவதில்லை. மண்டையோட்டின் கொள்ளளவையும் கணக்கில் எடுத்தால் அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு போய்விடும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் பிரித்தானிய பயோபாங்க் என்ற மருத்துவத் தரவுத் திரட்டைச் சேர்ந்த 5,216 பேரின் எம்ஆர்ஐ படங்களை அளந்தார்கள். கனவளவு ஆண்களுக்குக் கூடுதல், மூளையின் மேலடுக்கான புறணியின் தடிப்பு பெண்களுக்குக் கூடுதல். ஆனாலும் எந்த அளவை எடுத்தாலும் இரு பாலாரிலும் பலருக்கு ஒரே அளவுதான் இருந்தது.

நோய் என்று வரும்போது இந்தக் கணக்கு முக்கியமாகிறது. மூளை சுருங்கினாலும் மண்டையோடு சுருங்காது; அதனால்தான் அதை அடிப்படையாக எடுக்கிறார்கள். நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியாகிய ஹிப்போகாம்பஸ் ஒரு பக்கத்துக்கு 3 மில்லிலீற்றர் என்று அறிக்கையில் இருந்தால், சின்னத் தலையுள்ள அம்மம்மாவுக்கு அது வழமையானதாக இருக்கலாம், பெரிய தலையுள்ள அப்பப்பாவுக்கு இழப்பாக இருக்கலாம். கண்ணால் பார்த்து 0 முதல் 4 வரை புள்ளியிடும் முறையில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் அதில் ஹிப்போகாம்பஸைச் சுற்றி விரிந்த இடைவெளிகளையும் பார்க்கிறார்கள். 75 வயதுக்குள் 2, அதற்கு மேல் 3 வந்தால் கவனிக்க வேண்டும். ‘வயதுக்கேற்ற சுருக்கம்’ என்று மட்டும் எழுதி வரும் தாளை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

முதுமையில் மறதியைத் தரும் அல்சைமர் நோயாளர்களில் பெண்களே அதிகம். நீண்ட ஆயுள் அதற்கு ஒரு காரணம், அது மட்டுமே அல்ல. இந்நோயில் மூளையில் சேரும் இரு புரதங்களில் அமிலாய்ட் ஒரே அளவில் படிந்திருந்தாலும் மற்றதான டௌ சராசரியாகப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இந்நோயின் அபாயத்தைக் கூட்டும் அப்போ-ஈ 4 மரபணு வகையின் பாதிப்பும் 65 முதல் 75 வரையான வயதில் அவர்களுக்கே கூடுதல்.

கிளினிக்கில் பிழை நடப்பது சொல் நினைவுச் சோதனையில். சொற்பட்டியலைத் திருப்பிச் சொல்வதில் பெண்கள் பொதுவாகக் கெட்டிக்காரர். மூளையில் சேதம் தொடங்கிய பிறகும் புள்ளி நன்றாகவே வரும்; அது விழும்போது நோய் முற்றியிருக்கும். இன்னொரு பக்கம், 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால், இடம்பெயர்வில் பள்ளிக்கூடம் நின்றுபோனவர் நோயில்லாமலே தோற்பார். வன்னியில் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வரும். சோதனையில் 30க்கு இத்தனை புள்ளி என்ற கூட்டுத்தொகையை நான் தனியாக நம்பமாட்டேன்.

நோயாளரின் வீட்டில் உள்ளவர்களிடம் கேட்பது கூடுதல் பயன்தரும். சீட்டுக் காசை இரண்டு தரம் கொடுத்தாரா? கறிக்கு மறுபடி உப்புப் போடுகிறாரா? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்துவிட்டதா என்று கேட்டால் சரியாகச் சொல்கிறாரா? சமையலறைக்குள்ளேயே போகாத ஐயாவிடம் உப்பைப் பற்றிக் கேட்டு என்ன பயன்! சிறுபோகத்துக்கு யூரியா எப்போது போட்டது, வாய்க்காலில் தண்ணீர் முறை என்றைக்கு என்று கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்பதே தடயம். கூடவே மறதியை உண்டாக்கக்கூடிய தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு மூன்றையும் பார்க்க வேண்டும். தைரொயிட் குறைபாடு பெண்களிடம் அதிகம், குளிசையால் சரியாக்கக்கூடியது.

நடுக்கமும் விறைப்பும் தரும் பார்கின்சன் நோய் மறுபக்கம்: ஆண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வயலில் மருந்தடித்த வரலாற்றையும் கேளுங்கள். அந்நோயோடு தொடர்புபடுத்தப்படும் பரகுவாட் களைநாசினியை இலங்கை 2008இலிருந்து 2011க்குள் படிப்படியாக நிறுத்திவிட்டது, ஆனால் அதற்கு முன் பல போகம் அடித்தவர்கள் இப்போதுதான் முதுமைக்கு வருகிறார்கள். பெண்களுக்கு அந்நோய் நடுக்கத்தோடு தொடங்குவது கூடுதல். உடல் எடை குறைவென்பதால் இந்நோய்க்குத் தரும் லெவோடோபா மருந்து அதே அளவில் எடுத்தாலும் அவர்களின் இரத்தத்தில் கூடுதலாக ஏறும்; தன்னிச்சையான முறுக்கசைவு அவர்களிடம் அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம். அப்படி வந்தால் குளிசையைத் தாமாக நிறுத்தக்கூடாது. திடீரென்று விட்டால் உடல் விறைத்துக் காய்ச்சல் வரை போகும். வந்த நேரங்களைக் கிளினிக் கொப்பியில் குறித்துக்கொண்டு போய்க் காட்டினால் அளவை மாற்றித் தருவார்கள். குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் எடுக்க வேண்டும். பயறோடும் மீனோடும் சேர்ந்தால் புரதம் போட்டிக்கு நின்று மருந்தை உறிஞ்சவிடாது.